வாங்கியவர் கையெழுத்து

நாற்பது ஆண்டுகள் கொதிகலனுக்குப் பக்கத்திலே நின்றும் நெஞ்சிலே கொதிப்பை ஏற்றிக்கொள்ளாத எங்கள் மன்றத் தலைவர், முன்னாள் பாய்லர்காரர் ஐயா அவர்களே! ஆலையின் அன்றாடத்தைத் தோளிலே சுமப்பதோடு, இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையையும் எங்களுக்குத் தந்து நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே! தேய்ப்புப் பிரிவிலே ஆயுளைத் தேய்த்தும் சிரிப்பைத் தேய்த்துவிடாத பெரியவர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாக, உட்கார இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே! முன்வரிசையில், இடது கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணி அவர்களே! கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், எழுந்து போய்விடலாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கும் அம்மையாரே! இந்த ஊரே 'சைரன்' என்று அழைக்கும் என் தோழியே! போய்விடாதீர்கள். இன்றைய பேச்சு உங்களுக்காகத்தான் எழுதப்பட்டது. உங்களுக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. என் அண்ணி ஒருவருக்குத்தான் தெரியும், அதுவும் இன்று காலையிலிருந்துதான்.

அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விருந்தினராக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை தோறும் உணவு இடைவேளையில், கேன்டீன் மூலையில், எங்கள் மன்றத்தார் இருபது பேர் கூடி ஆங்கிலம் படிக்கிறோம். ஆங்கில இலக்கியம் படித்து, அலுவலகத்தில் படிவங்கள் தயாரிக்கும் வேலையில் இருப்பதால், அதை நடத்துகிறவள் நான். ஆண்டு விழாவில் ஒருவர், நாம் அன்றாடம் வாயில் போட்டு மெல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதன் பொருளையும் பயன்பாட்டையும் பேச வேண்டும். போன ஆண்டு லாரி ஓட்டுநர் அண்ணன் 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். நாங்கள் அட்ஜஸ்ட் செய்துகொண்டோம்.

இந்த ஆண்டு சீட்டுக் குலுக்கியபோது என் பெயர் வந்தது. சொல்லுக்கான சீட்டை எடுத்தால், 'ஹேண்ட் ஓவர்' என்று வந்தது. மூன்று மாதங்களுக்கு முன்னால் அந்தச் சீட்டைப் பார்த்து நான் சிரித்தேன். எளிதான சொல், பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதே சீட்டு இன்று என் உள்ளங்கையில் இருக்கிறது. சுடுகிறது.

ஹேண்ட் ஓவர்! இரண்டு குட்டிச் சொற்கள். முதல் சொல்லில் கை இருக்கிறது. இரண்டாவது சொல்லில் அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தக் கையில் இருப்பது அந்தக் கைக்குப் போவது. அவ்வளவுதான். வீட்டைக் காலி செய்கிறோம், சாவியை ஹேண்ட் ஓவர் செய்கிறோம். பிடிபட்ட திருடனைப் போலீசில் ஹேண்ட் ஓவர் செய்கிறோம். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் ஆயாவின் கையில் ஹேண்ட் ஓவர் செய்துவிட்டு ஓட்டமாய் ஓடி வருகிறோம்.

என்ன சொன்னீர்கள், ஓட்டுநர் அண்ணே? உங்கள் மாமனார் அவர் மகளை உங்களிடம் ஹேண்ட் ஓவர் செய்தாரா? அண்ணே, அவர் மகள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். யாரை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும்!

சிரியுங்கள். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் முடியாது.

நான் கேட்கிறேன்: சாவியைத் தரையில் போட்டுவிட்டு, ஒப்படைத்துவிட்டேன் என்று யாராவது சொல்வோமா? பிள்ளையை மூடிய கேட்டின் முன்னால் நிறுத்திவிட்டு, ஒப்படைத்துவிட்டேன் என்று எந்தத் தாயாவது வேலைக்கு வருவாளா? மாட்டாள். ஆயாவின் கை பிள்ளையின் கையைப் பிடிக்கும் வரை அவள் கை விடாது. சாவிக்குத் தெரிகிறது, பிள்ளைக்குத் தெரிகிறது, திருடனுக்குக்கூடத் தெரிகிறது. தெரியாமல் போனது எனக்கு. இருபது பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு!

எங்கள் ஆலையில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. பெரியவர்கள் தலையாட்டுகிறீர்கள், உங்களுக்கு நினைவிருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். போகிற ஷிஃப்டின் மேஸ்திரியும் வருகிற ஷிஃப்டின் மேஸ்திரியும் சேர்ந்து நடப்பார்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் நிற்பார்கள். போகிறவர் அதன் மேல் கையை வைத்துச் சொல்வார்: "ஒண்ணாம் நம்பர். பெல்ட் கத்துது. பாத்து ஓட்டு." வருகிறவர் அதே இயந்திரத்தின் மேல் தன் கையை வைத்துத் திருப்பிச் சொல்வார்: "ஒண்ணாம் நம்பர். பெல்ட் கத்துது. பாத்து ஓட்டணும்." பிறகு அடுத்தது. கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகம். இடது பக்கம் 'கொடுத்தவர்' என்று ஒரு கட்டம், வலது பக்கம் 'வாங்கியவர்' என்று ஒரு கட்டம். இரண்டு கையெழுத்து.

பன்னிரண்டு நிமிடம் ஆகும். சின்னப் பிள்ளைகள் வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொல்வது போல நரைத்த தலைகள் சொல்லிக்கொண்டு நடக்கும். புதிதாக வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு பத்து பஸ் போய்விடும். அடுத்த பஸ் இரண்டே முக்காலுக்கு. பெண்கள் என்னிடம் வந்து புலம்பினார்கள். அதே நேரத்தில் மருத்துவமனையிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள், எல்லாம் ஆங்கிலத்தில், ஒரே தாளில் இருக்க வேண்டும் என்றார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் படிச்சவங்க, நீட்டா ஒண்ணு ரெடி பண்ணுங்க" என்றார். நான் தயாரித்தேன். 'ஹேண்ட் ஓவர் ஷீட்' என்று தலைப்பிட்டேன். வெப்பம் எழுத ஓர் இடம், நேரம் எழுத ஓர் இடம், குறிப்பு எழுத ஓர் இடம், கொடுத்தவர் கையெழுத்து. வலது ஓரத்தில் வந்தபோது தாளில் இடம் போதவில்லை. 'வாங்கியவர்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன்.

எவ்வளவு எளிதாக எடுத்தேன் தெரியுமா? ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் வாங்கித்தானே இருப்பார், அதை வேறு எழுத வேண்டுமா என்று நினைத்தேன். தாளை நிரப்பி, என் ஜன்னலில் இருக்கும் தட்டில் போட்டுவிட்டால் போகலாம் என்று அறிவிப்பு ஒட்டினோம்; வருகிறவர் அதை எடுத்துப் படிக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஒரு நிமிட வேலை. எல்லோரும் இரண்டு பத்து பஸ்ஸைப் பிடித்தார்கள். எனக்குச் 'சிறந்த சீர்திருத்தம்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு என் மேசைக்கு மேலே மாட்டினேன். இங்கே கை தட்டியவர்களும் இருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பஸ் கிடைத்தது, தட்டினீர்கள்.

பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. இந்த ஊரில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். எல்லோரும் பேசியது தவறு.

நாலாம் நம்பர் டிரையர். விருந்தினர்களே, டிரையர் என்றால் வீட்டில் இருப்பது மாதிரி அல்ல. ஓர் ஆள் குனிந்து உள்ளே போய் நிமிர்ந்து நிற்கலாம். அவ்வளவு பெரிய இரும்பு டிரம். சூடாகச் சுழலும். அன்று படுக்கை விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, ஆள் உயர வெள்ளைக் கயிறாகி உள்ளே நின்றுவிட்டன. ஆறவிட்டு, யாராவது உள்ளே போய் வெட்டித்தான் எடுக்க வேண்டும். டிரையர் பக்கத்து மேஸ்திரி சைரன். அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். என் அண்ணி (ஆலையில் எல்லோருக்குமே அவர் அண்ணிதான்), சலவையான துணியை மிதிக்கக் கூடாது என்பதால் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, காதில் பஞ்சடைப்பு வைத்துக்கொண்டு, கத்தரியோடு உள்ளே போனார்.

இரண்டு மணி ஆனது. வேலை முடியவில்லை.

சைரன் டிரையரின் வாய்க்குள் தலையை விட்டுக் கத்தினார். அவர் கத்தினால் பஞ்சடைப்பு என்ன செய்யும்? "அண்ணி! ஷிஃப்ட் மாறுது! நான் ஷீட்ல எழுதி வெச்சிடறேன். அடுத்த ஆளு வந்து நிப்பாரு!"

அண்ணி உள்ளிருந்து சொன்னார்: "எழுதிட்டியா? சரி, நீ கிளம்பு. பஸ்ஸ விட்டுடாத. இன்னும் நாலு வெட்டுதான்."

சைரன் எழுதினார். 'நம்பர் ஃபோர், ஒன் பெர்சன் இன்சைட்.' நாலாம் நம்பர், ஓர் ஆள் உள்ளே. கையெழுத்துப் போட்டார். அறிவிப்புச் சொன்னபடி என் ஜன்னல் தட்டில் போட்டார். போனார்.

இனி வருபவரை நீங்கள் 'டைம்பீஸ்' என்கிறீர்கள். இரண்டு மணி ஷிஃப்டின் மேஸ்திரி. ஒரு நிமிடம் முந்தமாட்டார், ஒரு நிமிடம் பிந்தமாட்டார், ஒரு வேலையையும் பாக்கி வைக்கமாட்டார். அவரும் இங்கே இருக்கிறார். அந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார். அவர் ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாலாம் நம்பர் நின்றிருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தார். மலையாய் வெள்ளை விரிப்பு. அந்த மலைக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் என் அண்ணி. தெரியுமா? தெரியவில்லை. கதவைச் சாத்தினார். ஷிஃப்ட் தொடங்கும்போது அணைந்திருப்பதையெல்லாம் போட்டுவிடுவது அவர் வழக்கம். மெயின் சுவிட்சைப் போட்டார். பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

ஒரு சுற்று.

கிழிந்த துணிகளைத் தைக்கும் ஊசி அக்கா, கை நிறையத் தலையணை உறைகளைச் சுமந்துகொண்டு அந்த வழியாக வந்தார்.

இரண்டு சுற்று.

கீழே பார்த்தார். நீல வார் வைத்த ஒரு ஜோடி செருப்பு. கதவைப் பார்த்தபடி கிடந்தது. போன கால் திரும்பி வரவில்லை.

மூன்று சுற்று.

ஊசி அக்கா போட்ட கூச்சலைக் கேட்டு டைம்பீஸ் சிவப்புப் பொத்தானில் விழுந்தார். கையால் அழுத்தவில்லை, உடம்போடு விழுந்தார். டிரம் நின்றது. கதவைத் திறந்தால், அந்த வெள்ளை மலைக்குள்ளிருந்து ஒரு கை. அது திரும்பியிருந்த விதத்தை நான் இங்கே சொல்லமாட்டேன். பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த விரிப்புகள் பஞ்சு மெத்தை போல் சுற்றி இருந்திராவிட்டால், இன்று முன்வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

மணிக்கட்டு முறிவு, தோள் விலகல், விலாவிலே விரிசல். மருத்துவமனைக் கட்டிலில் கண்ணைத் திறந்ததும் அண்ணி என்னைப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா? "என்ன பாப்பா, நல்லாச் சுத்தி எடுத்துட்டாங்களே, வெள்ளையா வந்துட்டேனா?" நாற்பத்தாறு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். அடுத்து அவர் சொன்னது: "சைரன் மேல தப்பு சொல்லாதீங்க. அவ எழுதிட்டேன்னு சொன்னா எழுதியிருப்பா."

விசாரணை நடந்தது. சைரன் சொன்னார்: "நான் ஹேண்ட் ஓவர் பண்ணிட்டேன் சார். ஷீட்ல எழுதி தட்டுல போட்டேன்." டைம்பீஸ் சொன்னார்: "எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல சார்." இரண்டும் உண்மை! இரண்டு பேரும் உண்மை பேசுகிறார்கள், நடுவிலே ஒரு பெண்ணின் எலும்பு முறிந்து கிடக்கிறது. இதைவிட அதிர்ச்சி வேறு வேண்டுமா?

வேண்டும். இருக்கிறது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்த ஷீட் உங்க தட்டுக்கு வந்துதா?" நான் சொன்னேன்: "தேடிப் பாக்கறேன் சார்."

தாள் கிடைக்கவில்லை. தாள் இல்லாததால், சைரன் எழுதவே இல்லை என்றானது. பதினெட்டு வருடம் டிரையர் பக்கம் நின்றவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, முடிவான விசாரணை. என்ன முடிவு என்று கேன்டீனில் இப்போதே பேசிக்கொள்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் அவர் வந்து நின்றால் பேச்சு நிற்கிறது. 'ஆளை உள்ளே வெச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடினவ' என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னாலும் அவர் காதுக்கு முன்னால்தான் சொல்கிறார்கள். அந்தப் பெரிய குரல் பதினோரு நாளாக யாருக்கும் கேட்கவில்லை. கவனித்தீர்களா?

இதோ.

நன்றாகப் பாருங்கள். இதுதான் அந்தத் தாள்.

அமைதி, அமைதி. தயவுசெய்து உட்காருங்கள். ஊசி அக்கா, நீங்களும் உட்காருங்கள். என்னைத் திட்ட நேரம் இருக்கிறது, முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள், குறையாமல் திட்டலாம்.

தாள் என் தட்டுக்கு வந்தது. நான் எடுத்தேன். படித்தேன். என் மேசைக் கடிகாரத்தில் அப்போது இரண்டு ஆறு. டிரம் சுழன்றது இரண்டு பதினொன்றுக்கு. என் நாற்காலியிலிருந்து நாலாம் நம்பர் டிரையர் நாற்பத்திரண்டு அடி எடுத்து வைக்கும் தூரம். பிறகு நடந்து பார்த்து எண்ணினேன். ஐந்து நிமிடம், நாற்பத்திரண்டு அடி. ஒரு நொண்டிகூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நான் என்ன செய்தேன்? சைரன் என் வகுப்பு மாணவி. இரண்டு வருடமாக அந்தத் தாளில் 'ஓகே' என்ற ஒரு சொல்லைத் தவிர எதையும் எழுதாதவர். அன்று முதல் முறையாக ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் முழுதாக எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழை இல்லை. எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி! சிவப்புப் பேனாவை எடுத்தேன். டிக் போட்டேன். பக்கத்தில் 'வெரி குட்' என்று எழுதினேன். கோப்பில் வைத்தேன். தேநீர் குடித்தேன்.

ஓர் ஆள் உள்ளே என்று எழுதியிருக்கிறது. நான் டிக் போட்டேன்!

ஒருத்தி இரும்புக்குள்ளே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறது. நான் வெரி குட் என்று எழுதினேன்!

அந்த ஒருத்தி யார்? என் அண்ணன் மனைவி. என் கல்லூரிக் கடைசி வருடத்தில், நான் படிக்கட்டும் என்று தான் ஷிஃப்டுக்குப் போன மனுஷி. அவர் போன ஷிஃப்டில் படித்த ஆங்கிலத்தால்தான் நான் அந்த எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்தைப் பார்த்தேன், உள்ளே இருந்த ஆளைப் பார்க்கவில்லை.

கூச்சல் கேட்டு எல்லோரோடும் ஓடினேன். ஓடும்போதுதான் அந்த வரி என் தலைக்குள் வந்து நின்றது. தாமதமாக, மிகத் தாமதமாக. அன்று மாலையே அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். 'தேடிப் பாக்கறேன் சார்' என்று நான் சொன்னபோது அந்த டிராயர் என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. ஏன் மறைத்தேன்? வேலை போய்விடும் என்ற பயமா? அது கொஞ்சம். அந்தச் சிவப்பு டிக்கை என் அண்ணி பார்த்துவிடக் கூடாது என்பதுதான் பெரிது. ஒவ்வொரு நாளும், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் சைரன் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பெண், தான் எழுதியது கனவா என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்று முன்தினம் கடைத்தெருவில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், நான் எழுதினேன்தானே? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, இன்சைட்னு? எழுதாமலே எழுதினதா நெனச்சிட்டேனா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாக்கலாம்மா" என்றேன். பாக்கலாமாம்! ஒரு மனுஷியின் புத்தியையே அவளிடமிருந்து பறித்துக்கொண்டு, பாக்கலாம் என்றேன்.

இன்று காலை அண்ணிக்குத் தலை வாரிவிட்டேன். ஒரு கையால் அவரால் வாரிக்கொள்ள முடியவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, பின்னால் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். முழுவதும் சொன்னேன். அவர் திரும்பவில்லை. திரும்பாமலே கேட்டார்: "டிக்கு போட்டியா?"

"ஆமாம் அண்ணி."

"நல்லாப் பெருசா போட்டியா?"

"ஆமாம் அண்ணி."

அவர் சொன்னார்: "மூணு சுத்து சுத்தினப்போகூட இப்படி வலிக்கல பாப்பா." பிறகு சொன்னார்: "எங்கிட்ட சொல்லிட்டு லேசாயிடலாம்னு பாக்காத. எங்கிட்ட சொன்னா வீட்டோட போயிடும். இன்னிக்கு சாயங்காலம் மைக்கு குடுக்கறாங்க இல்ல? அங்க சொல்லு. நான் முன்னால வந்து உக்காரறேன். நீ வாய மாத்தினா எழுந்து நிப்பேன்."

அவர் எழுந்து நிற்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

அவையோரே! பொருளும் பயன்பாடும் பேச வந்தவள் நான். பேசிவிட்டேன். கொடுத்தேன் என்பது பாதிச் சொல். வாங்கினேன் என்று ஒரு வாய் சொல்லும் வரை அது பாதியிலேயே, காற்றிலேயே, கைக்கும் கைக்கும் நடுவிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நடுவில்தான் மனிதர்கள் நசுங்குகிறார்கள். அன்று ஒருத்தி நசுங்கினாள். பதினோரு நாளாக இன்னொருத்தி நசுங்கிக்கொண்டிருக்கிறாள். வாங்கியது நான். வாங்கினேன் என்று சொல்லாதவளும் நான்.

மேலாளர் அவர்களே! என்ன சொல்கிறீர்கள்? "விழா முடியட்டும், அந்தத் தாளைக் கொடுங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறீர்களா? மன்னிக்க வேண்டும் ஐயா. பாத்துக்கறேன் என்ற சொல்லின் ஆழம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், நானே அதில் பதினோரு நாள் முங்கிக் கிடந்தவள். பழைய நோட்டுப் புத்தகத்தைக் கிடங்கிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். இதோ, இரண்டு கட்டம். இடது பக்கம் என் பெயரை எழுதிவிட்டேன். நீங்கள் தாளை வாங்கி, அதில் இருப்பதைத் திருப்பிச் சொல்லி, வலது பக்கம் கையெழுத்திட வேண்டும். எல்லோர் முன்னாலும்.

தலைவர் என்ன சொல்கிறார்? "வாங்குங்க சார், கை சுடாது" என்கிறார். நன்றி ஐயா. நெருப்பைப் பார்த்தவர் சொல்கிறார்.

மைக்கை நீட்டுகிறேன். சொல்லுங்கள்... கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம். இன்னும் கொஞ்சம் உரக்க. ஆம். 'நாலாம் நம்பர். ஓர் ஆள் உள்ளே.' எழுதியவர் கையெழுத்து யாருடையது? அதையும் சொல்லுங்கள். ஆம், அவருடையதுதான். நேரம்? இரண்டு மணி இரண்டு நிமிடம். சிவப்பு டிக் யாருடையது? என்னுடையது. நன்றி. இங்கே கையெழுத்து. நன்றி.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. சைரன், எழுந்துவிட்டீர்களே, போகாதீர்கள். மேடைக்கு வாருங்கள். தாய்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள். பதினோரு நாளாக உங்கள் தலையில் நான் ஏற்றி வைத்ததை, இடது பக்கம் நீங்கள் எழுதுங்கள். வலது பக்கம் வாங்கிக்கொண்டேன் என்று நான் கையெழுத்திடுகிறேன். என்ன தண்டனை வந்தாலும் அது வர வேண்டிய விலாசம் என்னுடையது. எழுதுங்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள். திருத்தமாட்டேன்.

எழுதுகிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

எழுதிவிட்டார். அவையோரே, நான் கேட்டதை அவர் எழுதவில்லை. அன்று இரண்டு மணிக்கு விட்ட வேலையை முடித்திருக்கிறார். வாங்கியவள் திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்கிறேன்:

'நாலாம் நம்பர். ஆள் வெளியே வந்தாச்சு.'

கேட்டுக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன். இதோ, வலது பக்கம் என் கையெழுத்து.

திட்டுவதற்காகப் பொறுமையோடு காத்திருக்கும் ஊசி அக்காவுக்கும், மூன்றாவது சுற்றோடு நிறுத்திய டைம்பீஸுக்கும், எழுந்து நிற்காத என் அண்ணிக்கும், என் வாயை அடைக்காத தலைவருக்கும், கையெழுத்திட்ட மேலாளருக்கும், இவ்வளவையும் உட்கார்ந்து கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போகும்போது பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் பதில் சொல்லும் வரை நில்லுங்கள்.

வணக்கம்.